கத்தியைப் பல்லில் கவ்வியவர்: பரோக் காலத்து வேதசாட்சி அச்சுப்படங்களைப் பார்ப்பது எப்படி?

ஒருவர் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிறார். இரண்டு கையும் வேண்டியிருக்கிற வேலை, அதனால் கத்தி வாய்க்குப் போய்விட்டது. அவர் உரித்துக்கொண்டிருப்பது ஒரு கிழவருடைய கைத்தோலை. கிழவரை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் இன்னொருவர் அடுத்த கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். தரையில் உடைந்த சிலையின் தலை ஒன்று கிடக்கிறது. கிழவரின் முகம் மட்டும் மேலே பார்த்தபடி இருக்கிறது.

1624இல் நேப்பிள்ஸ் நகரில் ஹுசேப்பே டி ரிபேரா செப்புத்தகட்டில் போட்ட படம் இது. ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கட்டப்பட்டிருப்பவர் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான பர்த்தலோமேயு. அவர் வந்ததும் கோயில் சிலைகள் விழுந்து உடைந்தன, கோபம் கொண்ட அரசன் அவரை உயிரோடு தோலுரிக்கச் சொன்னான் என்பது மரபுக்கதை. தரையில் கிடக்கும் தலைக்கு அர்த்தம் அதுதான். இப்படி விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களைத்தான் வேதசாட்சிகள் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பியக் கலைக்காலத்துக்குப் பரோக் என்று பெயர்.

இதை முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: இதையெல்லாமா காசு கொடுத்து வாங்கினார்கள்? வாங்கினார்கள். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார்கள், சுவரில் ஒட்டினார்கள், ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் படத்தில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட வேண்டும். நான் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு: இந்தப் படம் என்னை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது? ரிபேரா கை எட்டும் தூரத்தில் நிறுத்துகிறார். அதே காலத்தில் இன்னொருவர் மைதானத்தின் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறார். வேறொருவர் வகுப்பறைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார். மூன்று பேரும் வரைந்தது ஒரே விஷயத்தை.

அதற்கு முன்னால் தகட்டைப் பற்றிக் கொஞ்சம்.

ஓலையில் கீறுவது போலத்தான்

ஓலைச்சுவடி எழுதும் முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எழுத்தாணியால் கீறும்போது எழுத்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. மேலே கரியைத் தடவித் துடைத்தால் மேற்பரப்பில் இருப்பது போய்விடும், கீறலுக்குள் இறங்கியது மட்டும் நிற்கும். செப்புத்தகட்டுப் படத்திலும் இதேதான் நடக்கிறது. ஒரு படி மட்டும் கூடுதல். நனைத்த தாளைத் தகட்டின் மேல் வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து நெருக்கினால், தாள் கீறலுக்குள் அமுங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அசல் பிரதிகளில் படத்தைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அது தகட்டின் விளிம்பு பதிந்த தடம்.

தகட்டில் கோடு போட இரண்டு வழி. ஒன்று, கூரான சின்ன உளியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளி, செம்பை நேரடியாகச் செதுக்கி எடுப்பது. இதை என்கிரேவிங் என்கிறார்கள். அந்தக் காலத்தில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் செய்ததும் ஏறக்குறைய இதே சாதி வேலை. கை திரும்பாது, தகட்டைத்தான் திருப்ப வேண்டும். கோடு நறுக்கென்று, ஒழுங்காக, கொஞ்சம் விறைப்பாக வரும்.

இன்னொன்று எச்சிங். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, அதில் ஊசியால் வரைவார்கள். ஊசி போன இடத்தில் மெழுகு விலகிச் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் அந்த இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். காகிதத்தில் பேனாவால் வரைகிற சுதந்திரம் கைக்குக் கிடைக்கும். அதனால் ஓவியர்களே தகட்டில் இறங்கினார்கள். ரிபேரா எச்சிங் போட்டவர். அவர் மொத்தமாகச் செய்ததே 20க்கும் குறைவான தகடுகள்தான்.

சொல்வதற்குச் சுலபம். ஒரு பயிலரங்கில் நானும் ஒரு தகடு போட்டுப் பார்த்தேன். மெழுகு சரியாகப் பிடிக்கவில்லை. அமிலம் வேண்டாத இடத்திலெல்லாம் இறங்கி, நான் வரைந்த வேப்பமரம் அம்மை கண்டது மாதிரி வந்து நின்றது. கோடு போடுவதில் பாதி வேலை கையில், மீதி அமிலத்தின் பொறுமையில் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறி விழும். எழுத்தை எல்லாம் இடம் வலமாகத் திருப்பி, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வெட்ட வேண்டும். ஓவியத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் நகலெடுத்தால், வலது கையால் ஆசீர்வதித்த புனிதர் அச்சில் இடது கையால் ஆசீர்வதிப்பார். அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் அதற்கு வேதாந்த விளக்கம் தேட வேண்டாம்.

படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் லத்தீன் சொற்கள் இருக்கும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'இன்வெனிட்' என்றிருந்தால் அவர் படத்தைக் கற்பனை செய்தவர். 'பிங்க்சிட்' என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர். 'ஸ்கல்ப்சிட்' என்றால் தகட்டை வெட்டியவர், 'எக்ஸ்குடிட்' என்றால் அச்சிட்டு விற்றவர். நான்கும் நான்கு பேராக இருக்கலாம். ஆண்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபென்ஸ் இதைப் பெரிய தொழிலாகவே நடத்தினார். தன் ஓவியங்களைத் திறமையான கைகளிடம் கொடுத்துத் தகடாக்கினார், மற்றவர்கள் நகலெடுக்காமல் இருக்க 1619, 1620 வாக்கில் அரசுகளிடம் தனி உரிமை வாங்கினார். அவருடைய புனித லாரன்ஸ் ஓவியத்தை 1621இல் லூக்காஸ் ஃபோர்ஸ்டர்மன் வெட்டினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் ஒத்துவராமல் போனது. தகட்டை வெட்டியவருக்கும் ஓவியருக்கும் நடுவில் பெருமை யாருக்கு என்கிற பழைய தகராறுதான்.

ஏன் அந்தக் காலத்தில் இத்தனை ரத்தம்?

வேதசாட்சி என்று நம் கத்தோலிக்கர்கள் சொல்கிற சொல்லை ஒரு நிமிடம் கவனியுங்கள். கிரேக்கத்தில் மூலச்சொல்லுக்குச் சாட்சி என்றுதான் பொருள். செத்துப்போனவர் என்பது அதற்குப் பிறகு ஏறிய அர்த்தம். சாட்சி சொல்கிறவர் இருந்தால் அதைக் கேட்கிறவர் வேண்டும், பார்க்கிறவர் வேண்டும். பரோக் காலத்து அச்சுப்படம் அந்த ஆளைத்தான் உருவாக்கப் பார்க்கிறது.

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பாதி, புனிதர்களுக்குப் படம் எதற்கு, சிலை எதற்கு என்று கேட்டுப் பிரிந்துபோனது. பிரிந்தவர்கள்தான் புராட்டஸ்டண்டுகள். பல ஊர்களில் கோயில் சிலைகளை இழுத்துப்போட்டு உடைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வில், 1563 டிசம்பரில், பதில் சொன்னது: படங்கள் வேண்டும், மக்களுக்குப் போதிக்க வேண்டும், ஆனால் கண்ணியக் குறைவோ மூடநம்பிக்கையோ கூடாது. பதினைந்து ஆண்டு கழித்து, 1578இல், ரோமில் சலாரியா சாலையோரத் தோட்டம் ஒன்றில் மண் தோண்டியவர்கள் பழைய நிலத்தடிக் கல்லறைச் சுரங்கத்துக்குள் விழுந்தார்கள். தொடக்க காலக் கிறிஸ்தவர்களின் உலகம் காலுக்கடியிலேயே இருந்திருக்கிறது என்பது நகரத்தையே கிறுகிறுக்க வைத்தது. பழைய வேதசாட்சிகள் திடீரென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

புதிய வேதசாட்சிகளும் வந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருப்பதே ராஜத் துரோகமாகக் கருதப்பட்ட காலம். எட்மண்ட் கேம்பியனை 1581 டிசம்பர் 1 அன்று லண்டனின் டைபர்னில் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டார்கள். ஜப்பானில் நாகசாகியில் 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேரைச் சிலுவையில் கட்டிக் குத்திக் கொன்றார்கள். எதிர்ப்பக்கத்திலும் பிணங்கள் விழாமல் இல்லை. அங்கே பிறகு வருகிறேன்.

ஏ, பி, சி

ரோமில் புனித முடியப்பருக்கு ஒரு வட்ட வடிவக் கோயில் இருக்கிறது. ஸ்தேபான் என்பதற்குக் கிரேக்கத்தில் முடி, கிரீடம் என்று பொருள் என்பதால் அவருக்குத் தமிழில் முடியப்பர் என்று பெயர் வைத்தார்கள். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி அவர். இந்தக் கோயில் ஜெர்மன் குருமாணவர்களின் கல்லூரிக்குக் கிடைத்தபோது, 1582 வாக்கில், நிக்கொலோ சிர்ச்சிஞ்ஞானி என்கிற ஓவியர் சுவர் முழுக்க வேதசாட்சிகளைத் தீட்டினார். சுற்றிச் சுற்றி வந்தால் கொதிக்கிற எண்ணெய், சிங்கம், அரைக்கிற கல், வெட்டிய கை என்று முப்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள்.

ஜொவான்னி பத்தீஸ்தா கவலியேரி இந்த ஓவியங்களை உடனே என்கிரேவிங் ஆக்கிப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: ஏ, பி, சி. கீழே அதே எழுத்துகளுக்கு விளக்கம். ஏ என்பது இன்னார், இந்த அரசன் காலத்தில் இப்படிக் கொல்லப்பட்டார். பி என்பது இன்னொருவர். அறிவியல் புத்தகத்தில் பூவின் பாகங்களைக் குறிப்பது போல.

முதலில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்த எழுத்துகளுக்கு வேலை இருந்தது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் தியான முறையில், ஒரு சம்பவத்தை மனக்கண்ணில் இடம் பொருளோடு கொண்டுவந்து நிறுத்தி, ஐந்து புலனாலும் அதற்குள் நுழைய வேண்டும். எழுத்து கண்ணுக்கு வழி சொல்கிறது: இங்கே நில், இதைப் பார், நினை, அடுத்ததுக்குப் போ. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதையும் மறக்கக்கூடாது. இருபது வயதுச் சொச்சத்தில் இருக்கிற பையன்கள். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய ஊரில் தங்களுக்கு என்ன நேரலாம் என்பதைச் சாப்பாட்டுக்கும் பூசைக்கும் நடுவில் தினமும் சுவரில் பார்த்தார்கள்.

ரோமில் இருந்த ஆங்கிலேயர் கல்லூரியின் கோயிலிலும் அதே சிர்ச்சிஞ்ஞானி வரைந்தார். கேம்பியனின் மரணமும் அந்தச் சுவரில் இடம்பெற்றது, இறந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவற்றையும் கவலியேரி 1584இல் அச்சுப்படமாக்கினார். சுவரோவியங்கள் பின்னாளில் அழிந்துபோயின, தாள்கள் தப்பின. 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ ஆங்கிலேய வேதசாட்சிகள் 54 பேரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவர்களாக அங்கீகரித்தபோது, அந்தச் சுவரில் அவர்களை வரைய 16ஆம் நூற்றாண்டிலேயே ரோம் அனுமதித்திருந்தது என்பதுதான் ஆதாரம். சுவரில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் காட்டியது கவலியேரியின் அச்சுப்படம். சாட்சிகளுக்கு ஒரு தாள் சாட்சி சொன்னது.

இதே வகுப்பறைப் பார்வையின் உச்சம் 1591இல் வந்தது. அந்தோனியோ கல்லோனியோ என்கிற குரு, வேதசாட்சிகளைக் கொல்லப் பயன்பட்ட கருவிகளைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். படங்களைத் தகட்டில் போட்டவர் அந்தோனியோ தெம்பெஸ்தா. சிலுவையில் எத்தனை வகை, சக்கரத்தில் எத்தனை வகை, கப்பி எப்படி வேலை செய்தது. அதில் கட்டித் தொங்குகிறவர்களின் முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது, துணிக்கடைப் பொம்மை மாதிரி இருப்பார்கள். ரிபேராவைவிட எனக்கு அதிகம் கூசுவது இந்தப் புத்தகம்தான். அங்கே வலி இருக்கிறது, இங்கே அளவு மட்டும் இருக்கிறது.

யார் என்று எப்படித் தெரியும்?

வேலைப் பார்த்தால் முருகன் என்று தெரிவது போல, இந்தப் படங்களில் ஒவ்வொருவரையும் கையில் இருப்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஆனால் ஒரு விசித்திரம்: புனிதர் கையில் இருப்பது அவருடைய ஆயுதம் அல்ல, அவரைக் கொன்ற ஆயுதம். லாரன்ஸ் தன்னைச் சுட்ட இரும்புக் கிராதியைப் பிடித்திருப்பார். கத்தரீனம்மாள் முள்சக்கரத்தில் சாய்ந்திருப்பார். செபஸ்தியாருக்கு அம்பு, பர்த்தலோமேயுவுக்குக் கத்தி, பெலவேந்திரருக்குக் குறுக்காகப் போட்ட சிலுவை. அப்போலோனியா ஒரு குறட்டில் தன் பல்லைப் பிடித்துக் காட்டுவார். பல்வலிக்காரர்கள் அவரிடம் வேண்டிக்கொள்வார்கள். லூசியம்மாள் தட்டில் இரண்டு கண்ணை ஏந்தியிருந்தாலும் அவர் முகத்திலும் கண் இருக்கும். விண்ணகத்தில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். யாராக இருந்தாலும் கூடவே ஒரு குருத்தோலை. ரோமர் காலத்திலிருந்து அது வெற்றியின் அடையாளம்.

தோல் உரிக்கப்பட்ட பர்த்தலோமேயுவைத் தோல் பதனிடுகிறவர்கள் தங்கள் காவலராக ஏற்றுக்கொண்டார்கள். கேட்கக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் அவர்கள் கணக்கில் தோலின் அருமை தெரிந்தவர் அவர்தானே.

கை எட்டும் தூரம்

இப்போது திரும்ப ரிபேராவிடம் வரலாம். ஸ்பெயினில் ஹாத்திவாவில் 1591இல் பிறந்தவர், 1616இல் நேப்பிள்ஸுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். நேப்பிள்ஸ் அப்போது ஸ்பானிய அரசின் கையில். இந்தப் படத்தைச் சிசிலியின் வைசிராயாக இருந்த சவோய் இளவரசர் ஃபிலிபெர்த்தோவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அந்த வருடமே இளவரசர் பலெர்மோவில் கொள்ளைநோயில் இறந்துபோனார்.

இந்தப் படத்தில் எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. உடல்கள் தாளின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கத்திக்காரரின் முகம் கொடூரமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலையில் மூழ்கியிருக்கிறார். நல்ல ஆசாரி பலகையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். அதுதான் தாங்க முடியாதது. கெட்டவன் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டினால் நமக்குக் கொஞ்சம் நிம்மதி, அவன் வேறு நாம் வேறு என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. கூட்டத்தில் நின்று பார்க்கிறவர்களின் வரிசை நம் பக்கம் வரைக்கும் நீண்டுவிடுகிறது.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். மரம், துணி, வேலையாட்களின் தலைமுடி எல்லாம் அடர்த்தியான கோடுகள். கிழவரின் உடம்புக்கு வரும்போது கோடு குறைந்துவிடுகிறது. சின்னச் சின்னப் புள்ளி, கீற்று, சுருக்கத்துக்கு ஒரு வளைவு. மார்பின் பெரும்பகுதியில் மையே இல்லை. படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான், அந்த வெளிச்சம் வெறும் தாள். புனிதரின் தோலும் நம் கையில் இருக்கிற தாளும் ஒன்றாகிவிடுகின்றன. பளபளக்கிற எண்ணெய் ஓவியத்தில் இதைச் செய்ய முடியாது. கீறி, உரித்து, அரித்து உண்டாக்குகிற ஒரு கலையில் தோலுரிக்கப்படும் மனிதரை வரைய உட்கார்ந்தவருக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்?

மைதானத்தின் கடைசி வரிசை

ஜாக் காலோ ரிபேராவின் வயதுக்காரர். 1592இல் லொரேன் நாட்டின் தலைநகரான நான்சியில் பிறந்தார். இத்தாலிக்குப் போய் ஃபிளாரன்ஸில் மெதிச்சி பிரபுவிடம் வேலை பார்த்தார், 1621இல் ஊர் திரும்பினார். 1630களின் தொடக்கத்தில் அவர் போட்ட செபஸ்தியார் படத்தில் செபஸ்தியாரை முதலில் தேட வேண்டும்.

செபஸ்தியார் என்றால் எல்லோர் மனதிலும் ஒரே உருவம்தான்: மரத்தில் கட்டிய அழகான வாலிபன், உடம்பில் நாலைந்து அம்பு, படம் முழுக்க அவரே. காலோ அதைத் தலைகீழாக்கினார். அகலமான தாளில் பெரிய திறந்தவெளி, பின்னால் இடிந்த ரோமானியக் கட்டடங்கள். முன்னால் வில்லாளிகள், வேடிக்கை பார்க்கிறவர்கள். நடுவில், தொலைவில், ஒரு கம்பம். அதில் கட்டிய உருவம் குண்டூசி அளவுக்குத்தான் இருக்கும்.

இந்தத் தூரத்தை உண்டாக்க அவருக்குக் கைகொடுத்தது தொழில்நுட்பம். எச்சிங்குக்கு அதுவரை பயன்பட்டது மென்மையான மெழுகு. கோடுகள் நெருக்கமாக வந்தால் உதிரும், என் வேப்பமரத்தைக் கெடுத்த அதே வியாதி. காலோ, லூட் என்கிற நரம்பிசைக் கருவி செய்கிறவர்கள் மரத்தில் பூசும் கெட்டி வார்னிஷைத் தகட்டில் பூசினார். அது உதிராது. அதனால் தகட்டை ஒரு தடவை அமிலத்தில் போட்டு எடுத்து, மெல்லிசாக இருக்க வேண்டிய தூரத்துக் கோடுகளை மூடிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் திரும்ப அரிக்க விட முடிந்தது. எதிரே நிற்கிற வில்லாளி கறுப்பாக, கனமாக வருவார். தொலைவில் இருக்கிற செபஸ்தியார் மயிரிழைக் கோட்டில் கிட்டத்தட்டக் கரைந்து நிற்பார். ஊசி முனையைச் சாய்வாகத் தீட்டி, ஒரே கோடு பருத்து மெலிகிற மாதிரியும் செய்தார். அவர் இறந்த பத்து வருடத்தில் ஆப்ரகாம் போஸ் இதையெல்லாம் ஒரு கையேடாகவே எழுதி வெளியிட்டார்.

காலோ ஏன் இவ்வளவு தூரம் போனார்? அந்த வருடங்களில் லொரேனில் படைகள் நடமாடின, கொள்ளைநோய் இருந்தது, 1633இல் பிரெஞ்சு ராணுவம் நான்சிக்குள் நுழைந்தது. செபஸ்தியார் கொள்ளைநோயிலிருந்து காக்கிறவர். காலோ அதே 1633இல் போரின் அவலங்களைப் பற்றி ஒரு வரிசை வெளியிட்டார். அதில் ஒரே மரத்தில் கொத்துக் கொத்தாக மனிதர்கள் தொங்குகிறார்கள். அதையும் தள்ளி நின்றே வரைந்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு செபஸ்தியார் படத்துக்குத் திரும்பினால், ஒரு ஆள் சாவது எவ்வளவு சின்ன விஷயமாக ஊருக்குத் தெரிகிறது என்பதுதான் கண்ணில் படுகிறது. புனிதரைச் சிறிதாக்கியது அவமரியாதை அல்ல. அவரை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

நாகசாகிச் சிலுவைகளையும் காலோ வரைந்திருக்கிறார். அந்த 26 பேரில் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த 23 பேருக்கு 1627இல் ரோம் முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. அதையொட்டி வந்த படம் அது. வரிசையாகச் சிலுவைகள், மேலே முடிகளோடு வானதூதர்கள். அந்த 23 பேரில் ஒருவரான கொன்சாலோ கார்சியா பம்பாய்க்குப் பக்கத்தில் வசாயில் பிறந்தவர். காலோ இறந்த மறுவருடம், 1636இல், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய புனிதர்களை ஏறக்குறைய 490 சின்னப் படங்களாக அவருடைய நண்பர் வெளியிட்டார். நம் வீட்டுத் தினசரி காலண்டர் போல நாளுக்கு ஒருவர், பலருக்கும் சாவு நேர்ந்த விதத்தோடு.

எதிர்ப்பக்கம்

இது கத்தோலிக்கர்களுடைய வேலை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஜான் ஃபாக்ஸ் 1563இலேயே புராட்டஸ்டண்ட் வேதசாட்சிகளை மரச்செதுக்குப் படங்களோடு பெரிய புத்தகமாக்கிவிட்டார். ஆண்ட்வெர்ப்பில் 1587இல் ரிச்சர்ட் வெர்ஸ்டெகன் கத்தோலிக்கர்கள் பட்ட கொடுமைகளைச் செப்புத்தகட்டில் காட்டிப் பதிலடி கொடுத்தார். எழுத்துகளும் விளக்கங்களும் அதிலும் உண்டு.

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு தரப்பாலும் துரத்தப்பட்ட மூன்றாவது கூட்டம் ஒன்று இருந்தது. பெரியவர்களுக்குத்தான் திருமுழுக்கு என்றவர்கள், ஆயுதம் தொட மறுத்தவர்கள். அவர்களுடைய வழிவந்த டச்சு மென்னனைட்டுகளின் வேதசாட்சிப் புத்தகத்தின் 1685ஆம் வருடப் பதிப்புக்கு யான் லாய்க்கன் 104 எச்சிங் போட்டார். அதில் ஒரு படம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. 1569இல் ஆஸ்பெரன் என்கிற ஊரில் டிர்க் வில்லெம்ஸ் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். துரத்தி வந்த ஆள் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பி வருகிறார். லாய்க்கன் காட்டுவது அந்த நொடியை: குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, தண்ணீருக்குள் இருப்பவனைத் தூக்கப் பார்க்கிறார். பிறகு அவரைப் பிடித்து எரித்தார்கள். படத்தில் தீ இல்லை, கத்தி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பிராகில் ஒரு புத்தகம், வேதாளையில் ஒரு மரணம்

1675இல் பிராக் நகரில் இயேசு சபைக் குரு மத்தியாஸ் தான்னர், தன் சபையில் கொல்லப்பட்டவர்களை எல்லாம் கண்டவாரியாகப் பிரித்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். படங்களுக்கு வரைவு கரெல் ஷ்க்ரேத்தா, தகடு வெட்டியவர் மெல்க்கியோர் கியூசெல். ஆளுக்கொரு மரணம், பக்கம் பக்கமாக.

அந்த வரிசையில் முத்துக்குளித்துறையும் இருக்கிறது. இயேசு சபையின் முதல் வேதசாட்சி அந்தோணி கிரிமினாலி 1549இல், மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேதாளையில், வடுகர் படையின் ஈட்டியில் இறந்தார். அவருக்குப் பிறகு கடற்கரைப் பொறுப்பை ஏற்றவர் ஹென்றிக் அடிகளார். தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகம் போட்ட அதே ஆள். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம், 1586இல் முத்துக்குளித்துறையில் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் அடியார் வரலாறு. ரோமில் கவலியேரியின் தகடுகள் உருளைக்குள் போய் வந்துகொண்டிருந்த அதே சில வருடங்களில், நம் கடற்கரையில் புனிதர்களின் கதை தமிழில் அச்சாகிக்கொண்டிருந்தது.

தான்னரின் புத்தகம் வந்து 18 வருடம் கழித்து, 1693 பிப்ரவரி 4 அன்று, ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். அங்கே போகிறவர்கள் படம் எதுவும் தேடுவதில்லை. குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி, நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.